உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது?

*சோறு, துணி, கேஸ், கரண்ட்... தனியாக வாழக் கற்றுத்தராத வீடுகளும், அதற்கு நாம் கொடுக்கும் விலையும்*

தஞ்சாவூர், மருத்துவக்கல்லூரிச் சாலையை ஒட்டிய ஒரு தெரு. கருமாதி முடிந்து மூன்றாம் நாள். வந்திருந்த சொந்தபந்தம் எல்லாம் கிளம்பியாயிற்று. மகளும் முந்தின இரவு ரயில் ஏறிவிட்டார். விடிகாலையில் வாசலில் பால் பாக்கெட் விழுந்த சத்தம் கேட்டு எழுந்தார் அந்தப் பெரியவர். வயது 71. கருவூலத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எத்தனையோ அலுவலகங்களின் பில்களைப் பைசா பிசகாமல் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்.

பாக்கெட்டைக் கத்தரித்துப் பாலைப் பாத்திரத்தில் ஊற்றினார். அடுப்பைத் திருகி லைட்டரை அழுத்தினார். பற்றவில்லை. தீப்பெட்டியைத் தேடியெடுத்து ஒவ்வொரு குச்சியாக உரசிப் பார்த்தார். அப்போதும் பற்றவில்லை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, மனைவியின் செல்போனில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுப் புது சிலிண்டருக்குப் பதிவும் செய்தார். பாலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பத்து மணிக்கு மகள் கூப்பிட்டபோது பால் திரிந்து கிடந்தது.

"ரெகுலேட்டரைத் திறந்தீங்களாப்பா?"

"அது எங்கேம்மா இருக்கு?"

"சிலிண்டர் தலையில ஒரு திருகு இருக்கும் பாருங்க. அம்மா தினமும் ராத்திரி அதை மூடிட்டுத்தான் படுப்பாங்க. அதே பழக்கத்துல நேத்து கிளம்புறப்ப நானும் மூடிட்டு வந்துட்டேன்."

திருமணமான நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் அந்த வீட்டில் நடந்துவந்த காரியம் அது. அப்படி ஒன்று நடக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உப்பு எந்த டப்பாவில், துவரம்பருப்பு எதில், கடலைப்பருப்பு எதில் என்பதை அடுத்த ஒரு வாரம் வீடியோ காலில் மகள் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

இது வயதானவர்களின் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். வேளச்சேரியிலும் சோழிங்கநல்லூரிலும் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வாடகை வீடு பிடித்துக் குடியேறும் 22 வயதுப் பிள்ளைகளிடமும் இதே திகைப்பைப் பார்க்கலாம். ஆண், பெண் வித்தியாசம்கூட இப்போது அவ்வளவாக இல்லை.

"நீ படி, மத்ததை நான் பார்த்துக்கறேன்"

முன்பெல்லாம் யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தரவில்லை என்பது உண்மைதான். கூட்டுக்குடும்பத்தில் பாட்டி கீரை ஆயும்போது பக்கத்தில் இருந்த பிள்ளை கீரை ஆயக் கற்றது. கிணற்றடியில் துணி அலசும்போது கூட நின்ற பிள்ளை பிழியக் கற்றது. அதிலும் பாதிப் பிள்ளைகள்தான் கற்றன. ஆண் பிள்ளை அடுக்களைக்குள் வந்தால் "உனக்கு இங்க என்ன வேலை, போய் விளையாடு" என்று துரத்திய வீடுகளே அதிகம்.

இன்று அந்தத் துரத்தல் பெண் பிள்ளைக்கும் வந்திருக்கிறது. காரணம் மட்டும் வேறு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியோடு இருக்கும் பள்ளி. அடுத்து நீட், ஜே.இ.இ. பயிற்சி. பிறகு கல்லூரி விடுதி. வேலை கிடைத்ததும் மூன்று வேளை சாப்பாட்டோடு பி.ஜி. பதினைந்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளை, 25 வயது வரை ஒரு குக்கரைக்கூடத் தொடாமல் வளர்ந்துவிட முடிகிறது. "என்னைப்போல என் பொண்ணு அடுப்படியில வேகக் கூடாது" என்று ஒரு அம்மா சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. தன் தலைமுறை பட்ட பாட்டை மகளுக்கு வைக்கக் கூடாது என்ற வைராக்கியம் அது. ஆனால் அந்த வைராக்கியத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. மகளை அடுக்களையிலிருந்து வெளியே அனுப்பிய வீடுகள், மகனை உள்ளே கூப்பிடவில்லை. வீட்டில் வேலை குறையவும் இல்லை. அதே அம்மாவின் தலையில் அது அப்படியே நின்றுவிட்டது.

---
பெட்டிச் செய்தி: 24 மணி நேரத்தில்...

இந்தியாவில் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் கணக்கெடுக்கிறது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இதில் அடக்கம்.

2019 கணக்கெடுப்பில், சொந்த வீட்டுக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம்.

2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. ஆண்களின் நேரமும் குறைந்து 88 நிமிடமானது.

---

இந்த எண்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 88 நிமிடம் என்பது எல்லா ஆண்களின் சராசரி கிடையாது. வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன ஆண்களுடைய சராசரி. மற்றவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய் என்ற தொகையைவிட 'உரிமை' என்ற சொல் பெரிதாகப் பேசப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத உழைப்புக்கு ஓர் அங்கீகாரம் என்ற அளவில் அது முக்கியமான அடி. அந்த உழைப்பை வீட்டில் மற்றவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு மட்டும் இன்னும் தொடங்கவில்லை.

தெரியாததின் விலை

முதல் விலை, பணம். சென்னையில் ஒரு சாப்பாடு 120 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வேளைக்கு 240. மாதத்துக்கு 7,200. இதில் காலை டிபனும் டீயும் சேரவில்லை. ஆன்லைனில் வரவழைத்தால் டெலிவரி, பேக்கிங் என்று அதற்கு மேலும் ஏறும். 25,000 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்து, வாடகை கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பும் ஒரு பிள்ளைக்கு இது சாதாரணத் தொகை இல்லை. மாதக் கடைசி வாரத்தில் பல அறைகளில் பிஸ்கட்டும் டீயும்தான் இரவுச் சாப்பாடு. சோறும் ஒரு ரசமும் வைக்கத் தெரிந்திருந்தால் அந்த வாரம் வேறு மாதிரி போயிருக்கும்.

இரண்டாவது விலை, உடம்பு. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மதியம் வடித்த சோற்றை வெளியிலேயே மூடிவைத்து, இரவு சூடுபண்ணிச் சாப்பிட்டால் போயிற்று என்று நினைக்கிறார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். மறுபடி சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. சோறு ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோறு வேறு கணக்கு. அதில் ஏறும் புளிப்பே ஒரு காவல்.

கழிவறையில் நடப்பது இதைவிடப் பயங்கரம். பளிச்சென்று வர வேண்டும் என்று டாய்லெட் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டாய்லெட் கிளீனர்களில் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதுவும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வெளிவருவது குளோரின் வாயு. கதவைச் சாத்திக்கொண்டு சின்னக் கழிவறைக்குள் நின்று தேய்ப்பவரின் நுரையீரலுக்குள் அது நேராகப் போகும். இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒன்றை முழுக்கக் கழுவிவிட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

பக்கெட் தண்ணீருக்குள் போடும் ஹீட்டர் ராடைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறைகளில் தங்கும் பிள்ளைகளிடம் பரவலாக இருப்பது இதுதான். சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது எத்தனை பேருடைய வழக்கம்! சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். மெயின் போர்டில் மின்கசிவைக் கண்டுபிடித்துச் சட்டென்று துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி அது.

---
பெட்டிச் செய்தி: கேஸ் வாசனை வந்தால்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதற்குச் சொந்த வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றமடிக்கும் ஒரு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள்.

வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்த பிறகே போனைத் தொட வேண்டும். நாடு முழுவதுக்குமான அவசர எண்: 1906.

சிலிண்டரின் மேல்பகுதியில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். அடுத்த பரிசோதனைக்கான கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி ஏப்ரல் முதல் ஜூன். சி ஜூலை முதல் செப்டம்பர். டி அக்டோபர் முதல் டிசம்பர். 'சி-27' என்றால் 2027 செப்டம்பர் வரை. கெடு தாண்டிய சிலிண்டரை வாங்காதீர்கள்.

ரப்பர் டியூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே.

---

"சொன்னா செய்வேன்"

மூன்றாவது விலை, உறவு. இதைத்தான் நான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக நினைக்கிறேன்.

புதிதாகத் திருமணமான இரண்டு பேர். இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கணவர் நல்லவர். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்பார். சொன்னால் செய்யவும் செய்வார். வெங்காயம் நறுக்குவார், துணி காயப்போடுவார், கடைக்குப் போய் வருவார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் பெண் கொடுத்துவைத்தவள்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் துவரம்பருப்பு இன்னும் இரண்டு நாளைக்குத்தான் வரும் என்று யார் கண்ணில் படுகிறது? இட்லி மாவு தீரும் நாளைக்கு முந்தின காலையே அரிசி ஊறப்போட வேண்டும் என்று யார் நினைவில் வைத்திருக்கிறார்? வெளிர் துணியோடு புதுச் சிவப்பு லுங்கியைப் போடக் கூடாது என்று யார் பிரித்துவைக்கிறார்? சிலிண்டர் எப்போது மாட்டியது, வேலைக்கு வரும் அக்காவுக்கு முன்பணம் எவ்வளவு கொடுத்தது, கரண்ட் பில் கட்டக் கடைசி நாள் என்ன, மாமியாருக்கு மாத்திரை எப்போது தீரும்... இத்தனையும் ஒருவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மற்றவர் கைகள் மட்டும் உதவுகின்றன. "கேட்டிருந்தா செஞ்சிருப்பேனே" என்ற பதிலில் அவருக்குத் தப்பே தெரியாது. கேட்பதும் ஒரு வேலைதான் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை.

வீட்டு வேலை கற்பது என்றதும் நாம் சமையல் குறிப்பை நினைத்துக்கொள்கிறோம். குறிப்புக்கு யூடியூபில் பஞ்சமே இல்லை. அதில் கிடைக்காதது, ஒரு வீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் கண். அந்தக் கண் இருப்பவர் தனியாகவும் வாழ்வார், இன்னொருவரோடும் சமமாக வாழ்வார். அது இல்லாதவர் எங்கே போனாலும் தனக்காகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடிக்கொண்டே இருப்பார். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை இன்றைய கல்லூரி மாணவர்களும் படித்துவிட்டு மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள் என்றால், அந்த மூலை இன்னும் மூலையாகவே இருப்பதுதான் காரணம்.

60 பேருக்குச் சமைத்தவன்

தனியாக வாழும் திறன் என்பதை நாம் வசதிக்காரர்களின் பிரச்னையாகவே பேசுகிறோம். அது வாழ்வா சாவா என்று நிற்கும் இடம் வேறு.

குழந்தைகள் இல்லங்களில் வளர்பவர்களுக்கு 18 வயது முடிந்ததும் அந்த வாசல் மூடிக்கொள்கிறது. அவர்கள் திரும்பிப் போக ஒரு வீடு கிடையாது, "அம்மா, ரசத்துக்கு எவ்வளவு புளி?" என்று கேட்க ஓர் எண் கிடையாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 18 முதல் 21 வயது வரை பின்பராமரிப்பு உண்டு என்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்காக மாதம் 4,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். பணம் வேண்டும்தான். ஆனால் கையில் பணத்தோடு வெளியே வரும் பிள்ளைக்கு அதைவைத்து ஒரு மாதத்தை ஓட்டத் தெரிய வேண்டுமே?

இல்லத்தில் வளர்ந்த ஓர் இளைஞர் சொன்னது மனதை விட்டு அகலவில்லை. "எனக்குச் சமைக்கத் தெரியும்ணே. அறுபது பேருக்குச் சாம்பார் வைப்பேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னுதான் தெரியல." முதல் வாரம் முழுக்கச் சோற்றைக் கொட்டியிருக்கிறார். மளிகைக்கடையில் நின்று என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. இல்லத்தில் மூட்டைகள் வண்டியில் வந்து இறங்கும். அதற்கு விலை உண்டு, பேரம் உண்டு, தீர்ந்துபோகும் நாள் உண்டு என்பதெல்லாம் அவர் கண்ணில் பட்டதே இல்லை. மணி அடித்தால் எழுவது, மணி அடித்தால் சாப்பிடுவது என்று வளர்ந்தவருக்கு, மணி அடிக்காத அறையில் எதை எப்போது செய்வது என்பதே புரியவில்லை.

நிறுவனத்துக்குள் நெடுங்காலம் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது நேர்கிறது. மனநலம் பாதித்து வீடின்றித் திரிந்தவர்களுக்காகச் சென்னையில் 1993-இல் தொடங்கப்பட்ட 'தி பேனியன்' அமைப்பு இதை வேறு விதமாக அணுகியது. ஆண்டுக்கணக்கில் விடுதியிலேயே இருந்துவிட்டவர்கள், ஊருக்குள் சாதாரண வீடுகளில் சிலராகச் சேர்ந்து வாழும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை 2015-இல் தொடங்கியது. தேவைக்கேற்ப உதவிக்கு ஆள் உண்டு. மற்றபடி காய்கறி வாங்குவது, என்ன சமைப்பது என்று முடிவெடுப்பது, வாசல் தெளிப்பது, பக்கத்து வீட்டில் பேசுவது எல்லாம் அவர்கள் பாடு. இன்றைக்கு என்ன குழம்பு என்று தானே முடிவு செய்யும் உரிமை எவ்வளவு பெரியது என்பது, அதைப் பல ஆண்டு இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசிப் படியில் தொடங்கு

எப்படிக் கற்றுத்தருவது? இதற்குச் சிறப்பாசிரியர்களிடம் நெடுநாள் அனுபவம் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்குவதுதான் அவர்களுடைய தொழில். டீ போடுவது நமக்கு ஒரே வேலை. அவர்கள் அதைப் பாத்திரம் எடுப்பதில் தொடங்கி வடிகட்டுவது வரை பத்துப் பன்னிரண்டு படிகளாகப் பிரிப்பார்கள். சில நேரங்களில் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். மற்றதையெல்லாம் ஆசிரியர் செய்துவைத்திருக்க, வடிகட்டி தம்ளரில் ஊற்றுவதை மட்டும் பிள்ளை செய்யும். அது பழகியதும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. இப்படிப் பின்னாலிருந்து வருவதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் நாளே டீ தயாராகி, அதைத் தந்தவர் அந்தப் பிள்ளையாகவே இருக்கும்.

பார்வையற்றவர்களின் அடுக்களையிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. மிளகாய்த்தூள் டப்பாவில் ஒரு ரப்பர் பேண்ட், மல்லித்தூள் டப்பாவில் இரண்டு. எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். கடுகு வெடித்து ஓய்வதைக் காது சொல்லும். பருப்பு வெந்ததை மூக்கு சொல்லும். அங்கே ஒழுங்குதான் சுதந்திரம் தருகிறது.

வயது வந்தபின் கற்பவர்களுக்கு என் யோசனை: சமையலில் தொடங்காதீர்கள். பாத்திரம் துலக்குவதில் தொடங்குங்கள். ஒரு வாரம் தொடர்ந்து துலக்கினால் எந்த வேலைக்கு எந்தப் பாத்திரம் என்று கைக்குத் தெரிந்துவிடும். எது அடிப்பிடித்தது, ஏன் பிடித்தது, எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் போட்டால் மற்றவை என்ன ஆகும் என்பதெல்லாம் கேட்காமலே புரியும். பிறகு சோறு. அதையும் முதலில் குக்கரில் வைக்க வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் அரிசியைப் போட்டு, அகப்பையில் இரண்டு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம். புள்ளி போய் மசிந்தால் வடித்துவிடலாம். இந்தப் பதம் விரலுக்குப் பிடிபட்டுவிட்டால், எந்த ஊருக்குப் போனாலும் எந்த அரிசியை வாங்கினாலும் சோறு வரும். விசில் கணக்கை மட்டும் நம்புகிறவர்கள் அரிசி மாறினால் திண்டாடுவார்கள்.

காந்தி தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது, துணி வெளுக்கக் கொடுக்கும் செலவு கட்டுப்படியாகாமல், சலவை பற்றிய புத்தகம் வாங்கிப் படித்துத் தானே துவைக்கக் கற்றார். முதன்முதலாகக் கஞ்சி போட்ட காலரோடு நீதிமன்றம் போனபோது கஞ்சி உதிர்ந்து சக வழக்கறிஞர்கள் சிரித்ததை 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். அவர் கூசவில்லை. இங்கே ஆண்கள் பலருக்குத் தடையாக இருப்பது அந்தக் கூச்சம்தான். மாடியில் துணி காயப்போடும்போது எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று இருட்டிய பிறகு போகிறவர்கள் இன்றும் உண்டு.

பள்ளிக்கூடம் என்ன செய்யலாம்?

ஜப்பானில் மனையியல் பாடம் ஒரு காலத்தில் பெண்களுக்கானதாக இருந்தது. நடுநிலைப் பள்ளிகளில் 1993 முதலும், உயர்நிலைப் பள்ளிகளில் 1994 முதலும் அது ஆண், பெண் இருவருக்கும் கட்டாயமானது. சமைப்பது, பட்டன் தைப்பது, வரவு செலவு போடுவது எல்லாம் அதில் உண்டு. கேரளத்தில் 2024-இல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில், அப்பா அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. ஒரு படம்தானே என்று விட முடியாது. எட்டு வயதுப் பிள்ளை ஓர் ஆண்டு முழுக்கப் பார்க்கும் படம் அது.

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பில் மனையியல் ஒரு விருப்பப்பாடம். பெரும்பாலும் பெண்கள் பள்ளிகளில்தான் இருக்கிறது. அதைப் பொதுவாக்க வேண்டும். மதிப்பெண் வேண்டாம், தேர்வு வேண்டாம். மதிப்பெண் வந்தால் அதற்கும் கைடு வந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பீரியட் போதும். ஃபியூஸ் போனால் எதைத் தொடக் கூடாது, காலாவதித் தேதி எங்கே இருக்கும், 500 ரூபாயில் நான்கு பேருக்கு எத்தனை வேளை சமைக்கலாம் என்று செய்து பார்க்கட்டும்.

குழந்தைகள் இல்லங்களுக்கு இன்னும் அவசரம். 17 வயதானவர்களுக்கு இல்லத்திலேயே ஓர் அறை ஒதுக்கலாம். இரண்டு பேருக்கு ஓர் அடுப்பு, ஒரு சிறிய குக்கர், ஐந்து கிலோ சிலிண்டர். அடையாளச் சான்று இருந்தால் முகவரிச் சான்று இல்லாமலே அந்தச் சிலிண்டர் கிடைக்கும் என்பதையும், அதை வாங்கிவரும் முறையையும் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும். வாரச் செலவுப் பணத்தை ஞாயிற்றுக்கிழமை கையில் கொடுத்துவிட வேண்டும். புதன்கிழமையே தீர்ந்துபோனால் வியாழக்கிழமை இல்லத்து அடுக்களையில் சாப்பிடலாம், அடுத்த வாரம் மறுபடி முயலலாம். 18 முடிந்த மறுநாள் வெளியே இதே தப்பு நேர்ந்தால் வியாழக்கிழமைக்குச் சாப்பாடு கிடையாது. ஒரு ஸ்டவ்வும் சில ஆயிரம் ரூபாயும் ஓர் அறையும் ஒதுக்க, மாவட்ட அளவிலேயே முடிவெடுக்கத் தொடங்கலாம்.